டிப்ரஷன் இருக்கற அம்மாவோட வளர்ந்தவங்களுக்கு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒரு பதில்

தேவகோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்ருக்கா. சுருக்கமா இதான் விஷயம்: இவ அஞ்சாப்பு படிக்கறப்பலேர்ந்து அம்மா ஒரு மாதிரி இருக்காக, பாதி நாள் படுக்கைதான், பேச்சு கம்மி, சமையல் தம்பி படிப்பு எல்லாம் இவ தலையில, அப்பா சிங்கப்பூர்ல, தம்பி எட்டாவது. போன வருஷம்தான் ஒரு டாக்டர் இது டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை எழுதிருக்காரு, அதையும் அம்மா ஒழுங்கா போடறதில்ல. இப்ப டிகிரி முடிச்சு கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு. கேள்வி மூணு. எனக்கும் இது வருமா, அம்மா மேல இவ்ளோ கோவம் வருதே நான் கெட்டவளா, விட்டுட்டுப் போனா தப்பா.

வயசுல சின்னவ, அதனால நீன்னே எழுதறேன், அக்கான்னு நெனச்சுக்க. காரைக்குடிதான் எனக்கு சொந்த ஊரு, மனநலத் துறையில சோஷியல் ஒர்க்கரா இருக்கேன், எங்க அப்பாவுக்கும் இதே நோவு இருந்துச்சு. பதில் நீளமாத்தான் வரும், பொறுமையா படி.

கோவத்துலேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா நீ கேட்டதுலயே அதத்தான் ரொம்ப தயங்கித் தயங்கி கேட்ருக்க. நீ கெட்டவ இல்ல. பத்து வயசுல உலை வெக்கக் கத்துக்கிட்ட பிள்ளைக்கு கோவம் வராம என்ன வரும்? மத்த பிள்ளைக ஸ்கூல் விட்டு வந்து பையத் தூக்கிப் போட்டுட்டு பலகாரம் கேக்கும், நீ வர்றப்ப தெரு முக்குலேர்ந்தே வீட்டப் பாத்துக்கிட்டு வந்திருப்ப, வாசல் தெளிச்சு கோலம் போட்ருந்தா இன்னிக்கு நல்ல நாளு, வாசல் காஞ்சு கெடந்தா உள்ள சத்தம் போடாம போகணும்னு உனக்கே தெரிஞ்சிருக்கும், யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாக. அம்மா மொகத்தப் பாத்து அன்னிக்கு நாள் எப்பிடிப் போகும்னு கணக்குப் போடறது, ஃப்ரெண்டுகள வீட்டுக்குக் கூட்டிட்டு வராம தட்டிக் கழிக்கறது, தம்பிக்கு ஹோம்ஒர்க்ல பேரன்ட் கையெழுத்து நீயே போடறது, இதெல்லாம் என்கிட்ட வர்ற பிள்ளைக அத்தன பேரும் சொல்றதுதான். இப்பிடி அம்மாவுக்கே அம்மாவா இருந்து பழகுன பிள்ளைக வெளிய பாக்க ரொம்ப பொறுப்பா, நல்லா படிக்கற பிள்ளையா இருக்கும், டீச்சருங்க பாராட்டுவாங்க. அதனாலயே அதுக்கு உதவி வேணும்னு யாருக்கும் தோணாது. ஆம்பளப் பிள்ளைக இதே வீட்டுல வெளிய சுத்திட்டு ராத்திரி வரும், பொம்பளப் பிள்ளை அடுப்படில நிக்கும், அந்த அநியாயத்தையும் சேத்துத்தான் உனக்கு கோவம் வருது.

கோவத்துக்கு அடியில இன்னொன்னு இருக்கும், அம்மாவுக்கு என்னையப் புடிக்கலையோன்னு. அமெரிக்காவுல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1970கள்ல ஒரு பரிசோதனை பண்ணாரு. சில மாசக் கைக்குழந்தையோட அம்மா சிரிச்சு வெளையாடிட்டு இருக்கணும், திடீர்னு ஒரு ரெண்டு மூணு நிமிஷம் மொகத்துல ஒரு அசைவும் இல்லாம சும்மா பாக்கணும், அவ்ளோதான். அந்தக் குழந்தை மொதல்ல சிரிச்சுப் பாக்கும், கைய நீட்டும், சத்தம் குடுக்கும், எதுக்கும் அம்மா மொகம் மாறலன்னா அழுகும், கடைசில மொகத்தத் திருப்பிக்கும். ரெண்டு நிமிஷத்துக்கே இப்பிடின்னா வருஷக்கணக்கா அந்த மொகத்தப் பாத்த உனக்கு எப்பிடி இருந்திருக்கும். ஆனா ஒன்னு, டிப்ரஷன்ல அன்பு போறதில்ல, அன்ப மொகத்துல கொண்டு வர்ற தெம்புதான் போகுது. பசி, ருசி, தூக்கம், சிரிப்பு எல்லாம் போற மாதிரி அதுவும் போகுது. உங்க அம்மா உள்ளுக்குள்ள எம்பிள்ளைக்கு நான் ஒன்னும் செய்யலையேன்னுதான் நெனச்சுக்கிட்டே படுத்திருப்பாக, அந்தக் குற்ற உணர்ச்சியே இந்த நோவோட முக்கியமான அறிகுறில ஒன்னு.

இத நீ அஞ்சாப்பு படிக்கறப்பவே யாராவது உனக்கு சொல்லிருக்கணும். நான் இவ்ளோ வருஷம் பாத்ததுல எனக்கு உறுதியாத் தெரிஞ்சது இதான், அப்பா அம்மாவுக்கு நோவு இருக்கறதவிட அந்த நோவ வீட்டுல ஒருத்தரும் வாயத் தெறந்து சொல்லாம மூடி வெக்கறதுதான் பிள்ளைகள ரொம்ப அடிக்குது. சொல்லலன்னா பிள்ளை தானே ஒரு காரணம் கண்டுபிடிச்சுக்கும், பத்துக்கு ஒம்போது பிள்ளை தன்னாலதான்னு முடிவு பண்ணிக்கும். நான் நல்ல மார்க் எடுத்தா அம்மா எந்திரிச்சிருவாக, சண்டை போடாம இருந்தா அப்பா பேசுவாக, இப்பிடி.

நம்ம பக்கம் மூடி வெக்கறது இன்னும் சுலபம். வெளியூர்க்காரங்க செட்டிநாட்டு வீட்டப் பாத்து இவ்ளோ பெரிய வீடு, எவ்ளோ சொந்தபந்தம், தனிமையே இருக்காதுன்னு நெனைப்பாங்க. உள்ள இருக்கறவுகளுக்குத் தெரியும். நகரத்தார் வீடுகள்ல கல்யாணமானா வேறு வெச்சிருவாக, அதாவது தனிக் குடித்தனம், ஒரே வளவுக்குள்ள இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும், கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அடுப்பு, தனி வரவு செலவு. அது நல்ல வழக்கம்தான், மாமியா மருமக சண்டைய அது எவ்ளவோ கொறைச்சிருக்கு, ஆனா ஒரு அடுப்பு நாலு நாளா எரியலங்கறது பக்கத்து அறைக்கே தெரியாமப் போறதுக்கும் அதே வழக்கம் வழி பண்ணிருது. இப்ப அதுவும் இல்ல, பாதி வீடு பூட்டிக் கெடக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்கோ கல்யாணத்துக்கோ தெறக்கறாக, மிச்ச நாள் முகப்புலேர்ந்து மூணாங்கட்டு வரைக்கும் ஒரு அம்மாவும் ரெண்டு பிள்ளைகளுந்தான். ஆம்பளைக அந்தக் காலத்துல பர்மா மலேயா சிலோன்னு போனாக, இப்ப சிங்கப்பூர் துபாய், எந்த சாதியா இருந்தாலும் நம்ம பக்கம் இதான் கதை. அப்பா ஃபோன்ல கேக்கறப்ப அம்மா நல்லா இருக்கேம்பாக, பிள்ளையும் பக்கத்துல நின்னு நல்லா இருக்கோம்ப்பா சொல்லும்.

அப்பறம் அந்த சம்பந்தப் பயம். வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு எடம் அமையாது, எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், ஒரு வாய் தெறந்தா ஊரு பூரா போயிரும். சொந்தபந்தம் கூடற பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க அந்த அம்மா வரலன்னா "அவளுக்கு உடம்புக்கு முடியல" அதோட பேச்ச முடிச்சிருவாக. அந்தப் பயத்த நான் லேசா நெனைக்கல, நெசமாவே நடக்கற விஷயம். ஆனா அதுக்காக பத்து வருஷம் வைத்தியம் பாக்காம ஒரு பொம்பளைய இருட்டறையில படுக்க வெக்கறது பெரிய கொடுமை.

வைத்தியம் பாக்கலன்னும் சொல்ல முடியாது, தப்பான எடத்துல பாப்பாக. நம்மாளுக மனசு சரியில்லன்னு டாக்டர்கிட்ட சொல்ல மாட்டாக. தலை பாரம், உடம்பு எரிச்சல், கை கால் கொடைச்சல், நெஞ்சு படபடப்பு, வயித்துல கேஸ், அசதி, தூக்கம் இல்ல, இதான் சொல்வாக, சொல்றது பொய்யும் இல்ல, டிப்ரஷன் உடம்பு வழியாவும் பேசும். ஈ.சி.ஜி., ஸ்கேன், குளுக்கோஸ், சத்து ஊசின்னு காசு போகும், எல்லா ரிசல்ட்டும் நார்மல்னு வரும், உடனே வீட்டுல நடிக்கறாகன்னு ஒரு பேச்சு வரும் பாரு, அதான் அந்த அம்மாவ இன்னும் உள்ள தள்ளும். தைராய்டு, ரத்தசோகை, பி12 இது மூணும் ஒரு தடவை பாக்கறது நல்லது, தைராய்டு கொறைஞ்சாலே டிப்ரஷன் மாதிரி அசத்தும். அது சரியா இருந்து, ரெண்டு வாரத்துக்கு மேல நாள் பூரா மனசு இருண்டு கெடக்கறது, எதுலயும் நாட்டம் இல்லாம போறது, கூடவே தூக்கம் பசி கெடறது, நான் எதுக்குமே லாயக்கு இல்லங்கற நெனப்பு, சாவப் பத்தின நெனப்பு இதெல்லாம் சேந்தா அது டிப்ரஷன்தான், மனநல டாக்டர்தான் பாக்கணும். ஆம்பளைகளுக்கு இதே நோவு எரிச்சலா, குடியா வெளிய வரும், அத யாரும் நோவுன்னே எடுத்துக்க மாட்டாக. பெங்களூர்ல இருக்கற நிம்ஹான்ஸ்ங்கற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி 2015-16ல 12 மாநிலத்துல தேசிய மனநல சர்வே எடுத்தாங்க, தமிழ்நாடும் அதுல உண்டு. பெரியவங்கள்ல 20 பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது டிப்ரஷன் வந்திருக்கு, இந்த மாதிரி பொதுவான மனநலப் பிரச்னை உள்ளவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே எடுக்கல. அப்ப உங்க தெருவுலயே வேற வீடும் இருக்கு, அவுகளும் கதவச் சாத்தி வெச்சிருக்காக.

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது பத்தியும் சொல்லணும், நம்ம பக்கம் அதத் தவிர்க்க முடியாது. திருச்சிகிட்ட குணசீலத்துல பெருமாள் கோயில்ல 48 நாள் தங்க வெப்பாக, ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடி தர்காவுக்கு மதம் பாக்காம எல்லாரும் போவாக. சாமி கும்பிடறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, எங்க வீட்டுலயும் கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கிட்டாக, அது மனசுக்கு ஒரு புடிப்பு. ஆனா ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6ம் தேதி காலைல ஒரு தனியார் காப்பகக் கொட்டகை எரிஞ்சு 28 பேர் செத்தாங்களே, சங்கிலில கட்டிப் போட்ருந்ததால ஓட முடியாம, அத மறக்கக் கூடாது. வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும், மாத்திரைய நிறுத்திட்டு வேண்டுதல்னு யார் சொன்னாலும் கேக்காத.

இப்ப மாத்திரை. அம்மா ஒழுங்கா போடலன்னு சொல்ற, பெரும்பாலும் காரணம் இதாத்தான் இருக்கும்: போட்டு பத்து நாளாச்சு ஒன்னும் தெரியல, வயித்தப் பெரட்டுதுன்னு விட்ருப்பாக. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின் மாதிரி மாத்திரைக வேலை செய்ய ஆரம்பிக்கவே ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், முழுசா தெரிய ஆறு எட்டு வாரம்கூட ஆகும், வயித்துப் பெரட்டல் மொத ஒன்னு ரெண்டு வாரத்துல அடங்கிரும். மொதல்ல பக்க விளைவு வரும், பலன் பின்னாடி வரும், இத முன்னாடியே சொல்லாம விட்டதாலயே எத்தனையோ பேர் நிறுத்திடறாக. நல்லான பிறகும் ஆறுலேர்ந்து ஒம்போது மாசமாவது தொடரணும், திரும்பத் திரும்ப வந்ததுன்னா இன்னும் ரொம்ப நாள், நிறுத்தறதும் டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா. இது அடிமையாக்கற மாத்திரை இல்ல. அடிமையாக்கறது வேற, தூக்கம் வரலன்னு மெடிக்கல்ல சீட்டு இல்லாம வருஷக்கணக்கா வாங்கிப் போடறாகளே அல்ப்ரஸோலம், அதுதான் பழக்கமாகும், உங்க வீட்டுல அது இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம காட்டு, திடீர்னு நிறுத்தவும் கூடாது. இன்னொன்னு, அம்மா எப்பவாவது சில நாள் வழக்கத்துக்கு மீறி உற்சாகமா, தூங்காம, பேசிக்கிட்டே, காச எறைச்சுக்கிட்டு இருந்திருந்தா அதையும் கட்டாயம் சொல்லு, அது வேற வகை, அதுக்கு மருந்து வேற.

எங்க அப்பாவுக்கு இது வந்தப்ப கடைய ஒரு நாள் தெறந்தாக ரெண்டு நாள் தெறக்கல, அப்பறம் தெறக்கவே இல்ல. பட்டாலைல தூண்ல சாஞ்சு உக்காந்து, கால் பெருவிரலால ஆத்தங்குடிக் கல்லுல இருக்கற பூவ வரைஞ்ச மாதிரியே சுத்திச் சுத்தி வந்துட்டு இருப்பாக, நாங்க பக்கத்துல போயி உக்காந்தாக்கூட அந்த விரல் நிக்காது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஒன்னும் தெரியல, அம்மா வீணாப் போச்சேன்னு நெனச்சாக. அப்பறம் ஒரு மத்தியானம் சாப்பிடறப்ப அப்பா "வெண்டைக்கா மண்டில உப்பு கம்மியா இருக்கே" அப்பிடின்னாக. அம்மா ஒன்னும் சொல்லாம அடுப்படிக்குப் போயி நின்னு அழுதாக. எத்தனையோ மாசமா என்ன போட்டாலும் ருசியே தெரியாம தின்னுட்டு எந்திரிச்ச மனுசன் அவுக. இந்த மாதிரி சின்ன விஷயத்துலதான் மொதல்ல தெரியும், குறை சொல்றதுல, பேப்பரக் கையில எடுக்கறதுல, நீ இதப் பாத்துக்கிட்டே இரு, ஏன்னா உங்க அம்மாவுக்கே மாத்தம் தெரியறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியும், டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும்.

எனக்கும் வருமான்னு கேட்ட. ஒளிக்காம சொல்றேன். அப்பா அம்மாவுக்கு டிப்ரஷன் இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட ரெண்டு மூணு மடங்கு அதிகம். அமெரிக்காவுல மிர்னா வைஸ்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அப்பிடிப்பட்ட பிள்ளைகள 20 வருஷம் தொடர்ந்து பாத்து 2006ல வெளியிட்டாங்க, அதுலயும் டிப்ரஷனும் பதட்ட நோயும் சுமார் மூணு மடங்குன்னுதான் வந்துச்சு. ஆனா மூணு மடங்குன்னா வந்தே தீரும்னு அர்த்தம் இல்ல, இரட்டைக் குழந்தைகள வெச்சுப் பண்ண ஆய்வுகள்படி பரம்பரையோட பங்கு நாப்பது சதவீதத்துக்குக் கிட்டத்தான், மிச்சம் வாழ்க்கையும் சூழலும். அதே 2006ல வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமானது. டிப்ரஷனுக்கு மருந்து ஆரம்பிச்ச அம்மாக்களோட பிள்ளைகளையும் சேத்துப் பாத்தாங்க. மூணு மாசத்துல அம்மா குணமான வீட்டுல பிள்ளைகளோட மனநலப் பிரச்னை 11 சதவீதம் கொறைஞ்சுச்சு, குணமாகாத வீட்டுல சுமார் 8 சதவீதம் கூடுச்சு. பிள்ளைக்குன்னு தனியா ஒன்னும் பண்ணல, அம்மாவுக்கு வைத்தியம் பாத்தாங்க அவ்ளோதான். அதனால அம்மாவுக்கு மருந்து குடுக்கறது உனக்கும் தம்பிக்கும் சேத்துத்தான். உனக்கு எப்பவாவது ரெண்டு வாரம் தாண்டி தூக்கம் கெட்டு எதுலயும் மனசு ஒட்டாம போச்சுன்னா, உங்க அம்மா மாதிரி பத்து வருஷம் காத்துட்டு இருக்காத, உடனே போயிப் பாரு.

சாவப் பத்தி நீ எழுதல, ஆனா கேட்டே ஆகணும். அம்மா "நான் இருந்து என்ன பிரயோசனம்" மாதிரி பேசினா பேச்ச மாத்தாத. "அம்மா, செத்துப் போயிரலாம்னு தோணுதா?" நேராவே கேளு, கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்துராது, ஏற்கனவே இருந்தா பாரம் எறங்கும். வீட்டுல பூச்சிமருந்து வெக்காதீக, மாத்திரை அட்டைகள பூட்டி வெச்சு அன்னன்னிக்கு உள்ளத மட்டும் கையில குடு. அவசரம்னா ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான், போலீஸ் கேஸாயிரும்னு பயந்து வீட்டுலயே வெச்சுக்காதீக, 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க, உனக்காகவும் கூப்பிடலாம். மாவட்ட மனநலத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரிகள்ல மனநல ஓ.பி. உண்டு, காரைக்குடி ஜி.எச்.ல கேட்டா எந்தக் கிழமைன்னு சொல்வாக, பெரிய பிரச்னைன்னா சிவகங்கை மெடிக்கல் காலேஜோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியோ, மாத்திரை காசில்லாமயே கிடைக்கும்.

தம்பிக்கு நீ இன்னும் சொல்லலன்னு எழுதிருக்க. இந்த வாரமே சொல்லு. பெருசா லெக்சர் வேணாம், ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ரெண்டு பேரும் முத்தத்துல உக்காந்திருக்கறப்ப, "அம்மாவுக்கு வந்திருக்கறது ஒரு நோவுடா, பேரு டிப்ரஷன். உன்னால வரல, என்னாலயும் வரல. நீ நல்ல மார்க் எடுத்தாலும் எடுக்கலன்னாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டாக்டர் பாக்கறாக. என்ன தோணுனாலும் என்கிட்ட கேளு." இவ்ளோ போதும். அவன் ஒன்னும் கேக்காம எந்திரிச்சுப் போனாலும் போகட்டும், நாலு நாள் கழிச்சு பைக்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு கேப்பான். இந்த மாதிரி வீட்டுல வளந்தும் நல்லா வந்த பிள்ளைகள பாஸ்டன்ல வில்லியம் பியர்ட்ஸ்லீன்னு ஒரு டாக்டர் ரொம்ப வருஷம் பாத்தாரு, அப்பா அம்மாவுக்கு இருக்கறது நோவு, அதுக்கு நான் காரணம் இல்லன்னு புரிஞ்சவங்க, வீட்டுக்கு வெளிய தனக்குன்னு ஒரு உலகம் வெச்சிருந்தவங்க, மனசு விட்டுப் பேச ஆள் இருந்தவங்க, இவங்கதான் தாங்கி நின்னாங்க. அதனால அவன் ஃபுட்பால் ஆடப் போறத வீட்டு வேலைக்காக நிறுத்தாத.

கடைசியா கோயம்புத்தூர். போ. ஊர்ல நாலு பேரு தாயப் படுக்கையில விட்டுட்டுப் போறா பாருன்னு சொல்லத்தான் செய்வாக, சொல்றவுகள்ல ஒருத்தராவது இத்தன வருஷத்துல ஒரு வேளை சோறு கொண்டாந்து குடுத்தாகளான்னு நெனச்சுப் பாரு. நீ வீட்டுல இருந்தா அம்மாவுக்கு குணமாகும்னு இருந்தா எப்பவோ ஆயிருக்கும், நீ அங்கதானே இருந்த. குணமாக்கறது மருந்தும் டாக்டரும், உன் சம்பளம் அதுக்கு உதவும், நீ கூடவே தேஞ்சு போறது உதவாது. ஆனா ஏற்பாடு பண்ணிட்டுப் போ. அப்பாகிட்ட ஃபோன்ல பூசி மெழுகாம நோவு பேரச் சொல்லு, மாத்திரைச் சீட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்பு, ஒரு லீவு போட்டு வந்து டாக்டர நேர்ல பாக்கச் சொல்லு, இது பத்து வயசுலேர்ந்தே உன் பொறுப்பா ஆகிப் போச்சு, ஆனா மொதல்ல அவுக பொறுப்பு. அடுத்த தெருவுல ஒரு அயித்தை இருக்காகன்னு எழுதிருக்கியே, மாத்திரை குடுக்கறத அவுககிட்ட ஒப்படைக்கலாம், வெளிய தெரிஞ்சிரும்னு பயப்படாத, அவுகளுக்கு ஏற்கனவே பாதி தெரியும். வேலைல சேர இன்னும் நாள் இருக்குல்ல, நீ ஊர்ல இருக்கறப்பவே அயித்தை வந்து குடுத்துப் பழகட்டும், அம்மாவும் அவுக கையால வாங்கிப் பழகட்டும், அடுத்த ஓ.பி.க்கு அயித்தையையும் கூட்டிட்டுப் போ, மாத்திரை பேரு, எந்த வேளை, என்ன ஆனா உடனே கூட்டிட்டு வரணும் எல்லாத்தையும் டாக்டர் வாயாலயே அவுகளுக்கு சொல்ல வை.